வெற்றிடம் இழுப்பதில்லை

இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழலில் ஒரு சிறு ஓட்டை விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கன்னம் ஒட்ட உறிஞ்சினாலும் இளநீர் மேலே ஏறாது. 'சர்' என்று காற்றுதான் வாய்க்குள் வரும். கடைக்காரர் வேறு குழல் தருவார். நாமும் ஓட்டைக் குழலை வீசிவிட்டு அதை மறந்துவிடுவோம்.

2014-ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானல் மலைப்பாதையில் இத்தகைய ஓர் ஓட்டைக் குழல் எங்களை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தி வைத்தது. மறுநாள் வேறொரு விதத்தில் என் படிப்பையும் சோதித்தது. இரண்டையும் சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவருக்குக் கீழ்ப்பழனி மலையில் சிறிய காப்பித் தோட்டம் உண்டு. தோட்டத்துப் பாதையில் மழைக் காலத்தில் சாதாரணக் கார் ஏறாது. ஆகவே அவர் ஒரு பழைய பெட்ரோல் வண்டி வைத்திருந்தார். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையைச் செலுத்தக்கூடியது. யார் தயாரித்த வண்டியானாலும் மலையில் அதற்குப் பெயர் ஜீப்தான். அந்த வண்டியில் நாங்கள் இருவரும் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பார்க்கக் கிளம்பினோம்.

வத்தலக்குண்டில் காலையில் கிளம்புமுன் நண்பர் எஞ்சின் மூடியைத் திறந்து, ஒரு வட்டமான அழுத்தமானியை எஞ்சினோடு இணைத்துக் காட்டினார். 'வேக்குவம் கேஜ்' என்பது மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பெயர். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி 46 செ.மீ. பாதரசம் என்ற இடத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது. "எஞ்சின் ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்" என்றார். நாடி பார்க்கும் வைத்தியரைப் போலப் பெருமிதத்துடன் மூடியைச் சாத்தினார்.

தலையாறு அருவி தெரியும் டம் டம் பாறையைத் தாண்டியதும் வண்டி மாறிவிட்டது. ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. வளைவில் எதிரே பேருந்து வர, வேகத்தைக் குறைத்து நிறுத்தினால் எஞ்சின் குலுங்கியது. இரண்டு முறை அணைந்தே போனது. அது கூடப் பரவாயில்லை. பிரேக் மிதி கல்லைப் போல் இறுகிவிட்டது! நண்பர் இருக்கையில் முதுகை அழுத்திக்கொண்டு இரண்டு கால்களாலும் மிதித்துத்தான் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். சக்கரங்களுக்கு அடியில் பெரிய கற்களை வைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

எஞ்சின் குலுங்குவதற்கும் பிரேக் இறுகுவதற்கும் என்ன தொடர்பு? ஒன்று வண்டியை ஓட்டும் உறுப்பு. மற்றது நிறுத்தும் உறுப்பு. தொடர்பு என்னவென்றால், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ரப்பர்க் குழாய்.

எஞ்சின் ஒரு காற்றுப் பம்ப்

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே இடம் பெருகுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று, பெட்ரோலையும் கலந்துகொண்டு, கார்புரேட்டர் வழியாக உள்ளே நுழைகிறது. கார்புரேட்டரிலிருந்து எல்லா சிலிண்டர்களுக்கும் பிரிந்து போகும் கிளைக்குழாய்க்கு 'மேனிபோல்டு' என்று பெயர். அதன் வாசலில் ஒரு வட்டத் தகடு உண்டு. நாம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தகடு திறக்கும். காலை எடுத்தால் ஏறத்தாழ மூடிக்கொள்ளும்.

தகடு மூடியிருக்கையில் பிஸ்டன்கள் இடைவிடாமல் கேட்கின்றன. வாசலோ காற்றைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுகிறது. ஆகவே மேனிபோல்டுக்குள் காற்று அடர்த்தி குறைந்து, அழுத்தம் வெகுவாக இறங்கிவிடும். வெளியே அழுத்தம் 73 செ.மீ. பாதரசம் என்றால் உள்ளே 27 செ.மீ. அளவுதான் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 46. காலையில் ஊசி காட்டியது இதைத்தான். இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். பின்னால் என் மானத்தை வாங்கப் போகும் எண் இதுதான்.

இந்த அழுத்தக் குறைவு செலவில்லாமல் கிடைக்கும் ஒரு வேலையாள். வண்டி செய்பவர்கள் அதைச் சும்மா விடுவார்களா? மேனிபோல்டிலிருந்து ரப்பர்க் குழாய்களைக் கிளை கிளையாக எடுத்துப் பல உறுப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். மெல்லிய குழாய் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போய், தீப்பொறி சற்று முந்தியோ பிந்தியோ விழும்படி திருத்தும். வேறு சில கார்புரேட்டரின் துணை உறுப்புகளுக்குப் போகும். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் மழைநீரைத் துடைக்கும் வைப்பர் கூட இப்படித்தான் ஓடியது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கொட்டும் மழையில் ஏற்றத்தில் ஏறும்போது ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிப்பார், தகடு அகலத் திறக்கும், மேனிபோல்டில் அழுத்தக் குறைவு போய்விடும், வைப்பர் நின்றுவிடும். கண்ணாடி தெரிய வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும்; காலை எடுத்தால் வண்டி ஏறாது!

எல்லாவற்றிலும் முக்கியமான குழாய் பிரேக் பூஸ்டருக்குப் போவது. மிதிக்கும் எஞ்சின் அறைக்கும் இடையே பெரிய தாம்பாளங்கள் இரண்டைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் ஓர் இரும்பு டப்பா இருக்கும். அதனுள்ளே குறுக்காக ஒரு ரப்பர்ச் சவ்வு. மிதியைத் தொடாதபோது சவ்வின் இரு பக்கமும் ஒரே குறைந்த அழுத்தம். மிதியை அழுத்தியதும் ஒரு சிறு வால்வு திறந்து, நம் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. உடனே காற்று சவ்வை முன்னே தள்ளுகிறது. நம் காலோடு சேர்ந்து காற்றும் பிரேக்கை மிதிக்கிறது என்று சொல்லலாம்.

எவ்வளவு பலமாக? சவ்வின் விட்டம் 20 செ.மீ. என்று கொள்வோம். பரப்பு 314 சதுர செ.மீ. அழுத்த வித்தியாசம் 46 செ.மீ. பாதரசம் என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 0.63 கிலோ எடை. பெருக்கினால் ஏறத்தாழ 195 கிலோ எடை வருகிறது. மூன்று தடித்த மனிதர்கள் நமக்காக மிதிப்பதற்குச் சமம். குழாயில் ஓட்டை விழுந்தால் இந்த மூவரும் இறங்கிப் போய்விடுகிறார்கள். பிரேக் அறவே போய்விடுவதில்லை. ஆனால் முழு வேலையையும் நம் கால் ஒன்றே செய்ய வேண்டும். இறக்கத்தில் வரும் வளைவில் அதை முதன்முதலாகக் கண்டுபிடிப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு வார்த்தை. 'வெற்றிடம் சவ்வை இழுக்கிறது' என்றுதான் பேச்சு வழக்கில் சொல்கிறோம். இல்லாத ஒன்று எப்படி இழுக்கும்? எதிர்ப்பக்கம் தள்ளுவோர் குறைந்ததால், இந்தப் பக்கத்துக் காற்று தள்ளி ஜெயிக்கிறது. இளநீரையும் நாம் இழுப்பதில்லை. இளநீரின் மேற்பரப்பை வெளிக்காற்று அழுத்தி வாய்க்குள் ஏற்றிவிடுகிறது. இது வெறும் சொல் விளையாட்டு என்று வகுப்பில் மாணவர்கள் முணுமுணுப்பதுண்டு. அப்படி இல்லை என்பது இனிமேல் தெரியும்.

ஓட்டையைத் தேடுதல்

சாலையோரத்தில் அழுத்தமானியை மறுபடி இணைத்தோம். ஊசி 20-க்கும் 25-க்கும் இடையே தள்ளாடியது. எங்கோ காற்று உள்ளே கசிகிறது. ஆனால் எங்கே? எஞ்சினைச் சுற்றி எட்டுப் பத்துக் குழாய்கள் கொடிபோல் பின்னிக் கிடந்தன. எல்லாம் கறுப்பு, எல்லாம் பழசு.

சைக்கிள் ட்யூபில் ஓட்டை தேடுபவர் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பார். நண்பர் சோப்புத் தண்ணீர் தடவலாம் என்றார். நான் தடுத்தேன். ட்யூபில் காற்று உள்ளிருந்து வெளியே வருகிறது, குமிழி எழும்புகிறது. இங்கே காற்று வெளியிலிருந்து உள்ளே போகிறது. குமிழி எப்படி வரும்? சோப்பு நீரைத்தான் அது உள்ளே தள்ளிக்கொண்டு போகும். ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்கலாம் என்பது அவருடைய அடுத்த யோசனை. கொள்கையளவில் சரியான யோசனை. ஆனால் பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்பைக் கொண்டுபோவது தற்கொலைக்கு ஒப்பானது. அதை நீங்களும் ஒருநாளும் செய்யக்கூடாது.

ஒரு முழ நீள ரப்பர்க் குழலின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் குழாய்கள் நெடுகிலும் நகர்த்திக் கேட்பது ஒரு முறை. கசியும் இடத்தில் 'ஸ்ஸ்' என்ற சீற்றம் பளிச்சென்று கேட்கும். ஆனால் சாலையில் போகும் லாரிகள் எங்களுக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை.

மிஞ்சியது தர்க்கம்தான். மேனிபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு குழாயையும், அது கிளம்பும் இடத்துக்கு அருகிலேயே, கந்தல் துணி சுற்றிய இடுக்கியால் நெரித்துப் பார்க்க வேண்டும். ஒரு குழாயை நெரித்ததும் எஞ்சின் சீரானால், ஓட்டை அந்தக் குழாயிலோ, அது போய்ச் சேரும் உறுப்பிலோ இருக்கிறது. சீராகாவிட்டால் அந்தக் கிளையையே மறந்துவிடலாம். எதை நெரித்தும் மாறவில்லை என்றால் குற்றம் குழாய்களில் இல்லை. மேனிபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்து கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

மெல்லிய குழாய்கள் மூன்றை நெரித்தோம். மாற்றமில்லை. நான்காவது, பூஸ்டர் குழாய். நெரித்த மாத்திரத்தில் குலுக்கல் நின்றது. ஊசி விர்ரென்று 40-க்குத் தாவியது. நண்பர் என்னைப் பார்த்துக் கைதட்டினார்.

குழாயைத் தடவிப் பார்த்தபோது மேலே ஒன்றும் தெரியவில்லை. அடிப்பக்கத்தில், மேனிபோல்டின் மூக்கைப் பற்றியிருக்கும் கிளிப்புக்குச் சற்றுத் தள்ளி, குறுக்காக ஒரு வெடிப்பு. எஞ்சின் சூட்டில் பல ஆண்டுகள் வெந்து ரப்பர் பிஸ்கட்போல் ஆகியிருந்தது. காலையில் அது முழுவதும் விரிந்திருக்காது. ஏற்றத்தில் எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின் மேல் முறுக்கி ஆடியபோது விரிசல் பிளந்துகொண்டது. குழாயில் சற்றுத் தளர்ச்சி இருந்ததால் வெடித்த பாகத்தை மூன்று செ.மீ. அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாகத்தை மூக்கில் செருகிக் கிளிப்பை முடுக்கினோம். எஞ்சின் பழையபடி முணுமுணுத்தது. மிதியும் இளகியது.

சிறிய ஓட்டை, பெரிய வேலை

இவ்வளவு சிறிய வெடிப்பு ஓர் எஞ்சினையே அணைத்துவிடுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எஞ்சினின் கொள்ளளவு 1,000 க.செ.மீ., அதாவது 1 லிட்டர் என்று வையுங்கள். சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 800 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவும் நிரம்பும். ஆக நிமிடத்துக்கு 400 லிட்டர். ஆனால் அது மேனிபோல்டில் இருக்கும் அடர்த்தி குறைந்த காற்று. வெளிக்காற்றின் அளவில் சொன்னால் 150 லிட்டருக்கு மேல் போகாது.

இப்போது 3 மி.மீ. விட்டமுள்ள ஓர் ஓட்டை. பரப்பு 7 சதுர மி.மீ. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் பாதிக்கும் கீழே இருப்பதால், ஓட்டையின் வழியே காற்று ஒலியின் வேகத்தை எட்டிப் பாய்கிறது. வினாடிக்கு 300 மீட்டர் என்று கொண்டால் நிமிடத்துக்கு சுமார் 126 லிட்டர் வருகிறது. பாயும்போது காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. தாரையும் ஓட்டையைவிடச் சற்று ஒடுங்கிப் போகிறது. அதற்காகப் பாதியைக் கழித்துவிடுங்கள். அப்போதும் 60 லிட்டர்! எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. அதுவும் கார்புரேட்டரைத் தொடாமல், துளிப் பெட்ரோலும் இல்லாமல் புறவாசல் வழியே வந்த காற்று. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று என்பது எஞ்சின் விரும்பும் கலவை. இந்தத் திருட்டுக் காற்று சேர்ந்தால் கலவை நீர்த்துப்போய்த் தீப்பிடிக்கத் தடுமாறுகிறது.

வேகமாக ஓடும்போது ஏன் குறை தெரியவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அப்போது எஞ்சின் நிமிடத்துக்குப் பல நூறு லிட்டர் காற்றைக் குடிக்கிறது. தகடு திறந்திருப்பதால் உள்ளழுத்தம் உயர்ந்து, கசிவும் குறைகிறது. ஆற்றில் கரைத்த பெருங்காயம்தான். 'ஓடினால் சரி, நின்றால் குலுங்குகிறது' என்று யாராவது சொன்னால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ரப்பர்க் குழாய்களை நோக்கிப் போவதன் காரணம் இது.

இந்தக் குழாய்களிடம் நான்கு சக்கர இயக்கத்தையே ஒப்படைத்த வண்டிகளும் உண்டு. அமெரிக்காவில் 1987 முதல் 1995 வரை விற்பனையான ஜீப் ராங்ளர் வண்டியில் முன் அச்சின் ஒரு பக்கத்துத் தண்டு இரண்டு துண்டாக இருந்தது. வெற்றிடக் குழாயால் இயங்கும் ஒரு சவ்வு, கவை ஒன்றை நகர்த்தி, அத்துண்டுகளை இணைக்கும், வேண்டாதபோது பிரிக்கும். அடியில் ஓடும் குழாய் கல்லில் பட்டுக் கிழிந்தால் கவை நகராது. ஓட்டுநர் நெம்புகோலைத் தள்ளிவிட்டு நான்கு சக்கரமும் இயங்குவதாக நம்பிச் சேற்றில் இறங்குவார். முன்சக்கரங்கள் இரண்டுமே விசையின்றி நிற்கும். ஒரு பக்கத் தண்டுதானே பிரிந்திருக்கிறது, மறுபக்கச் சக்கரமாவது இழுக்காதா என்று கேட்கலாம். இழுக்காது. நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் இரு பக்கமும் சமமான திருப்புவிசையைத்தான் பகிர்ந்தளிக்கும். ஒரு பக்கம் பூஜ்யமென்றால் மறுபக்கமும் பூஜ்யம்தான். பல சொந்தக்காரர்கள் வெறுத்துப்போய், கவையை நகர்த்தக் கையால் இழுக்கும் கேபிளைப் பொருத்திக்கொண்டார்கள். 1997-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த அடுத்த ராங்ளரில் இந்த ஏற்பாடே இல்லை.

டீசல் வண்டிகளின் கதை வேறு. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காற்றைத் தடுக்கும் தகடு கிடையாது. ஆகவே மேனிபோல்டில் அழுத்தக் குறைவும் கிடையாது. பிரேக் பூஸ்டருக்காகத் தனியே ஒரு சிறு பம்ப் வைக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய டீசல் ஜீப்புகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். அங்கே குழாய் வெடித்தால் எஞ்சின் குலுங்காது. பிரேக் மட்டும் இறுகும், முன்னெச்சரிக்கையே இல்லாமல்.

கொடைக்கானலில் நான் ஏமாந்த கதை

மறுநாள் காலை கொடைக்கானலில் வண்டியைக் கிளப்பி, ஊசியைப் பார்த்தேன். 32! வத்தலக்குண்டில் 46 இருந்தது. 14 செ.மீ. எங்கே போயிற்று? இன்னொரு ஓட்டை இருக்கிறது என்று முடிவுகட்டினேன். முந்தின நாள் வெற்றி தலைக்கேறியிருந்தது. குழாய் குழாயாக நெரித்தேன். கிளிப்புகளை எல்லாம் முடுக்கினேன். கேஸ்கெட்டின் விளிம்பில் தண்ணீர் சொட்டிப் பார்த்தேன். ஊசி 32-ஐ விட்டு அசையவில்லை. இரண்டு மணி நேரம் போனது. நண்பர் மூன்று டீ குடித்துவிட்டார்.

கடைசியில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் எஞ்சின் ஓடுவதைச் சற்று நேரம் கேட்டார். பிறகு ஊசியைப் பார்த்தார்.

"ஊசி ஆடலையே சார். வண்டி நல்லாத்தானே இருக்கு?"

"32 தானே அண்ணே காட்டுது? கீழே 46 காட்டுச்சே!"

"கீழே 46 காட்டினா மேலே 32 தான் காட்டும். ஏறும்போது உங்க காதே அடைச்சிருக்குமே சார்!"

கல்லூரியில் என்ன பாடம் எடுக்கிறேன் என்று அவர் கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதிப் போடும் பாடம் அது. அழுத்தமானி காட்டுவது உள்ளழுத்தத்தை அல்ல. வெளியழுத்தத்துக்கும் உள்ளழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. வத்தலக்குண்டில் வெளியே 73, உள்ளே 27, வித்தியாசம் 46. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே வளிமண்டல அழுத்தமே 59 செ.மீ. அளவுதான். எஞ்சின் உள்ளே அதே 27-ஐத்தான் வைத்திருந்தது. 59-இலிருந்து 27 போனால் 32. எஞ்சின் ஒன்றையும் இழக்கவில்லை. இழந்தது வெளியில் இருந்த வானம்!

வெற்றிடம் இழுக்கிறது என்ற எண்ணம் வாயளவில் போனாலும் மனத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஊசி இறங்கியதும் எஞ்சினுக்குள்ளே குற்றத்தைத் தேடினேன். தள்ளுவது வெளிக்காற்று என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், முதலில் வெளியே பார்த்திருப்பேன்.

இதே பரிசோதனையை 366 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள். 1640-களில் இத்தாலியின் டாரிசெல்லி, பாதரசம் நிரம்பிய குழாயைக் கவிழ்த்து, அதில் பாதரசம் 76 செ.மீ. அளவில் நிற்பதைக் காட்டினார். பாதரசத்தைத் தாங்குவது மேலே உள்ள வெற்றிடத்தின் இழுப்பா, வெளிக்காற்றின் அழுத்தமா என்று பெரிய சர்ச்சை. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் ஒரு வழி கண்டார். மலையேறினால் மேலே உள்ள காற்று குறையும். காற்றுதான் தாங்குகிறதென்றால் பாதரசம் இறங்க வேண்டும். அவருடைய வேண்டுகோளின்படி அவரது மைத்துனர் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயுடன் புய்-த-தோம் என்ற மலையின்மேல் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கியிருந்தது. அடிவாரத்தில் ஒருவரை நிறுத்தி, இன்னொரு குழாயை நாள் முழுவதும் கவனிக்கச் சொல்லியிருந்தார் பெரியே. அதில் மாற்றமே இல்லை. எவ்வளவு கவனமான மனிதர்! நானோ அவர் ஏறியதைவிட அதிக உயரம் ஏறி, 14 செ.மீ. இறக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, கிளிப்பை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். வெட்டி ஒட்டிய குழாயை நம்பி இறங்க வேண்டாம், மாற்றிவிடலாம் என்றார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் ஒரு துண்டு வண்டியில் இருக்கிறதே, போதாதா என்றார் நண்பர். பெரியவர் அதை வாங்கி, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையை ஓடும் எஞ்சினின் மூக்கில் செருகினார். 'சப்' என்று குழாய் தட்டையாக ஒட்டிக்கொண்டது! உள்ளே தள்ளுவோர் குறைந்தால் வெளிக்காற்று குழாயையே நசுக்கிவிடும். அதனால்தான் பூஸ்டருக்குத் தடித்த சுவரும் உள்ளே நூல் பின்னலும் உள்ள குழாயைப் போடுகிறார்கள். பெட்ரோல் ஆவி பட்டால் சாதாரண ரப்பர் உப்பிக் கெட்டுவிடும் என்பது இன்னொரு காரணம்.

இறங்குவதற்கு முன்

புதுக் குழாய் போட்டதும் பெரியவர் பூஸ்டரைச் சோதித்தார். எந்தக் கருவியும் இல்லாமல் எவரும் செய்யக்கூடிய சோதனை இது. எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மிதியை அழுத்தினார். முதல் இரண்டு மூன்று மிதி இளகலாக இறங்கியது, பிறகு இறுகியது. பூஸ்டரின் வாயில் உள்ள ஒருவழி வால்வு, எஞ்சின் நின்ற பிறகும் அழுத்தக் குறைவைச் சேமித்து வைத்திருக்கிறது என்று பொருள். முதல் மிதியே இறுகலாக இருந்தால் வால்வோ குழாயோ சவ்வோ கசிகிறது. பிறகு இறுகிய மிதியின் மேல் காலை வைத்தபடியே எஞ்சினைக் கிளப்பினார். மிதி தானாகச் சற்றுக் கீழே இறங்கியது. அதுதான் சரியான அடையாளம்.

சேமிப்பு இரண்டு மூன்று மிதிக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். பெட்ரோலை மிச்சப்படுத்த இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள் அவர்களுடைய பூஸ்டர் காலியாகிவிடும். அதோடு மலைமேல் அந்தச் சேமிப்பே குறைவு. கொடைக்கானலில் 32 செ.மீ. வித்தியாசத்துக்கு, முன்னே கணக்கிட்ட அதே சவ்வு 195-க்குப் பதில் சுமார் 135 கிலோ எடையளவே தள்ளும். தேவை அதிகமாக இருக்கும் இடத்தில் உதவி குறைவாக இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, கீழ் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். தகடு மூடியிருப்பதால் மேனிபோல்டில் அழுத்தமும் நன்றாகக் குறைந்து, பூஸ்டரும் தயாராக இருக்கும். நண்பர் அப்படித்தான் இறக்கினார்.

இறங்கும் வழியில் நிற்கும் இடமெல்லாம் ஊசியைப் பார்த்து, ஒரு பழைய ரசீதின் பின்புறம் குறித்துக்கொண்டேன். பெருமாள்மலையில் 36. டம் டம் பாறையில் 40. வத்தலக்குண்டு கடைவீதியில் எஞ்சின் மூடியைத் திறந்தபோது ஊசி 46-இல் வந்து நின்றது.

வெட்டி எறிந்த மூன்று செ.மீ. குழாய்த் துண்டை நான் எறியவில்லை. என் ஆய்வுக்கூட மேசை இழுப்பறையில் இருக்கிறது. வளிமண்டல அழுத்தப் பாடம் தொடங்கும் நாளில் அதை மாணவர்களிடம் கொடுத்து, ஓட்டை எங்கே என்று கேட்பேன். நேராகப் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. சற்று வளைத்தால் வாய் திறக்கிறது.